மாற்றுமெய் அத்தியாயம்: வரைவிலக்கணம், வகை, காரணம், படிநிலை
கொம்பனித்தெரு ரியோ படமாளிகையை உரைகல்லாகக் கொண்ட ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களில் தனித்து நிற்கும் ஓர் அத்தியாய வகை உண்டு. வாராவாரம் பார்த்துப் பழகிய மாந்தரும் இடங்களும் அப்படியே இருக்கும்; அவர்கள் கடந்துவந்த வரலாறு மட்டும் வேறாகியிருக்கும். நண்பன் பகைவனாக, இறந்தவர் உயிரோடு, ஆய்வுக்கலம் போர்க்கலமாக எதிர்ப்படும். அத்தியாயம் முடிவதற்குள் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். இதனை நாம் மாற்றுமெய் அத்தியாயம் என வழங்குகிறோம்.

இவ்வகையை வரையறுத்து, வகுத்து, அது தோன்றுவதற்கான காரணங்களையும் அது செல்லும் படிநிலைகளையும் முறைப்படுத்துவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வாறு பெற்ற இலக்கணம் நமது மண்ணில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று சோதிப்பது இரண்டாவது நோக்கம். சோதனைக்கு நாம் எடுத்துக்கொள்வது கொழும்பு 2, கொம்பனித்தெரு, குமாரன் இரத்தினம் வீதியில் அமைந்த ரியோ படமாளிகை. 1960களில் தமிழ்க் குடும்பம் ஒன்றால் கட்டப்பட்டு, 1983 யூலையில் எரிக்கப்பட்ட கட்டடம் அது. இவ்வகை அத்தியாயங்கள் பெரும்பாலும் ‘நாம் வாழும் உலகமே நல்லது, மாறியது தீயது’ என்ற முற்கோளின்மேல் எழுபவை. அந்த முற்கோள் ரியோவின் வாசலில் நில்லாது என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

2. வரைவிலக்கணமும் கலைச்சொற்களும்

ஓர் அத்தியாயம் மாற்றுமெய் அத்தியாயம் எனப்பட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, தொடருக்குள் ஒரு நிலைமெய் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிலைமெய் என்பது பார்வையாளர் முந்தைய அத்தியாயங்களால் அறிந்து, உண்மையென ஏற்றுக்கொண்ட கதையுலகம். இரண்டாவது, அதே மாந்தர் வேறொரு வரலாற்றின் விளைவாகத் தோன்ற வேண்டும். இவ்வேறு வரலாறே மாற்றுமெய். மூன்றாவது, இரண்டுக்குமான ஒப்பீடு கதைக்குள்ளேயே நிகழ வேண்டும்.

இந்நிபந்தனைகளால் சில நெருங்கிய வகைகள் விலக்கப்படுகின்றன. பிலிப் கே. டிக் 1962இல் வெளியிட்ட நாவலைத் தழுவி 2015 முதல் 2019 வரை வந்த ‘த மேன் இன் த ஹை காஸில்’ தொடர், முதல் காட்சியிலிருந்தே மாறிய வரலாற்றில் நிகழ்கிறது. தொடருக்குள் முன் நிறுவிய நிலைமெய் அதற்கு இல்லை. ஜீவா இயக்கி 2001இல் வந்த ‘12பி’ தமிழ்த் திரைப்படம், பேருந்தைப் பிடித்தவன் வாழ்வையும் தவறவிட்டவன் வாழ்வையும் சம எடையோடு அருகருகே நடத்துகிறது. எது மெய், எது மாற்று என்ற வரிசை அங்கு இல்லாததால் அது இணைகதை எனத் தனியே வைக்கத் தக்கது.

மேலும் மூன்று கலைச்சொற்கள் நமக்கு வேண்டும். வரலாறு எந்த நிகழ்ச்சியில் கிளைக்கிறதோ அது பிரிவுக்கணம். இரு மெய்களையும் அறிந்த அல்லது உணர்ந்த பாத்திரம் சாட்சிமாந்தர். நிலைமெய்யை மீட்பதற்காக யாரோ ஒருவர் இழப்பது மீட்சிவிலை.

3. வகைகள்

தோற்றமுறை பற்றி மாற்றுமெய் அத்தியாயங்கள் மூவகைப்படும்.

முதல்வகை பிரிவு வகை. இதில் வரலாறு ஒன்றே. அது ஒரு கணத்தில் திசைமாறுகிறது. 1967 ஏப்ரல் 6ஆம் திகதி ஒளிபரப்பான ‘த சிட்டி ஒன் த எட்ஜ் ஒஃப் ஃபொரெவர்’ என்ற ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் இதற்குச் செவ்விய எடுத்துக்காட்டு. மருத்துவர் மெக்கோய் கடந்த காலத்துக்குள் பாய்ந்து, வீதி விபத்தில் இறக்க வேண்டிய ஈடித் கீலர் என்ற பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறார். அவளது சமாதான இயக்கம் அமெரிக்காவின் போர்ப்பிரவேசத்தைத் தாமதப்படுத்த, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி வெல்கிறது. இங்கு பிரிவுக்கணம் ஒரு தெருவைக் கடக்கும் நேரமே.

இரண்டாம் வகை இணை வகை. இதில் மாற்றுமெய் எங்கோ ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கிறது. மாந்தர் அதற்குள் தவறி விழுகின்றனர். 1967 ஒக்டோபர் 6ஆம் திகதி வந்த, ஜெரோம் பிக்ஸ்பி எழுதிய ‘மிரர், மிரர்’ என்ற ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் இவ்வகையின் மூலப்படிவம். அயனிப் புயலொன்றின் நடுவே கப்பல்தலைவர் கேர்க்கும் வேறு மூவரும் கொடிய பேரரசு ஒன்றின் கலத்தில் போய்ச் சேர்கின்றனர். அங்கே பதவி உயர்வுக்கு வழி மேலதிகாரியைக் கொல்வது. கேர்க்கின் துணையதிகாரி ஸ்பொக் தாடியுடன் நிற்கிறான். 1970இல் ஏழு பகுதிகளாக வந்த டொக்டர் ஹூ கதையான ‘இன்ஃபேர்னோ’வும் இவ்வகையே. பூமியின் மேலோட்டைத் துளைக்கும் திட்டத்தால் ஒரு சர்வாதிகார இங்கிலாந்து எரிமலைக் குழம்பில் அழிவதைக் கண்ட டொக்டர், அந்த அறிவோடு திரும்பித் தம் உலகின் துளைப்பை நிறுத்துகிறார். அழிந்த உலகை அவரால் காக்க முடியவில்லை.

மூன்றாம் வகை உள்மெய் வகை. இதில் மாற்றுமெய் ஒருவரது அனுபவத்துக்குள் மட்டும் விரிகிறது. ஸ்டார் ட்ரெக்கின் வழித்தொடரில் 1992இல் வந்த ‘த இன்னர் லைட்’ அத்தியாயத்தில், கப்பல்தலைவர் பிக்கார்ட் 25 நிமிட நேர மயக்கத்துக்குள், அழிந்துபோன ஒரு கோளின் குடிமகனாக முதுமைவரை வாழ்ந்து முடிக்கிறார். விழித்தெழுந்த பின் அக்கோளின் குழலொன்று மட்டும் அவர் கையில் எஞ்சுகிறது.

இம்மூன்றாம் வகை தமிழுக்குப் புதிதன்று. ஆளவந்தார் தமிழில் செய்த ஞானவாசிட்டத்தில் வரும் இலவணன் கதையின் அமைப்பும் இதுவே. இந்திரசாலக்காரன் முன் அரியணையில் அமர்ந்திருந்த மன்னன், சிறு பொழுதுக்குள், காட்டோரச் சேரியொன்றில் மணந்து, மக்களைப் பெற்று, பஞ்சத்தில் அலைந்து, தீயில் விழத் துணிந்து, விழித்தெழுகிறான். பின்னர் தேடிச் செல்கையில் அந்தச் சேரி உண்மையாகவே இருக்கிறது. தன்னை இழந்து புலம்பும் உறவினரும் இருக்கின்றனர். பிக்கார்டின் குழல் செய்யும் வேலையை இங்கே சேரி செய்கிறது. மாற்றுமெய் கனவாகக் கலைந்துவிடாமல் சான்றொன்றை விட்டுச்செல்வதை நாம் எச்சம் என்போம்.

மதிப்புத்திசை பற்றி வேறொரு பகுப்பும் தேவை. மாற்றுமெய் நிலைமெய்யினும் தீயதாயின் தாழ்மாற்று, நல்லதாயின் உயர்மாற்று. மேலே கண்ட பிரிவு, இணை வகை எடுத்துக்காட்டுகள் யாவும் தாழ்மாற்றே என்பது கவனிக்கத் தக்கது.

4. காரணங்கள்

தாழ்மாற்று ஏன் இவ்வளவு பெருவழக்காயிற்று? மூன்று காரணங்கள் புலப்படுகின்றன.

ஒன்று, தயாரிப்புக் காரணம். மாற்றுமெய்யைக் காட்டப் புதிய அரங்கு வேண்டியதில்லை. ஒளியைக் குறைத்து, சீருடையில் பட்டியும் குத்துவாளும் சேர்த்து, சுவரில் வாள் ஊடுருவிய பூமிச் சின்னத்தை ஒட்டினால் ‘மிரர், மிரர்’ தயார். 2008 யூன் 21ஆம் திகதி ஒளிபரப்பான, ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதிய ‘டேர்ன் லெஃப்ட்’ என்ற டொக்டர் ஹூ அத்தியாயத்தில் தொடரின் நாயகர் சிறிது நேரமே தோன்றுகிறார். வேறொரு அத்தியாயத்தின் படப்பிடிப்பு அதே வேளையில் நடந்தது. நாயகர் இல்லாத உலகம் என்ற கதைக்கரு இத்தேவைக்குப் பொருந்தி வந்தது.

இரண்டு, தொடரமைப்புக் காரணம். அடுத்த வாரம் தொடர் இருந்தே ஆக வேண்டும். மாற்றுமெய் நன்றாயிருந்துவிட்டால் அதைவிட்டு மீளுவது இழப்பாகும். பார்வையாளர் மனம் மீட்சிக்கு உடன்படாது. ஆகவே மீளவேண்டிய உலகம் எப்போதும் மேலான உலகமாக அமைக்கப்படுகிறது.

மூன்று, அறக் காரணம். பிரிவுக்கணம் சிறிதாக, விளைவு பெரிதாக இருக்கையில், சாதாரண மனிதரின் செயலுக்கும் வரலாற்றில் எடை உண்டு என்ற நம்பிக்கை பிறக்கிறது. ‘டேர்ன் லெஃப்ட்’டில் நாயகரின் பயணத்தோழி டொனா நோபிள் ஒரு சந்தியில் இடப்பக்கம் திரும்பினாளா வலப்பக்கம் திரும்பினாளா என்பதில் இலண்டனின் கதி தங்கியிருக்கிறது. இந்நம்பிக்கையே இவ்வகையின் கவர்ச்சி. அதன் பலவீனமும் இதுவே என்பதை ஆறாம் பிரிவில் காட்டுவோம்.

5. படிநிலைகள்

முழுமையான பிரிவு வகை அத்தியாயம் ஆறு படிகளில் செல்கிறது: நிலைநாட்டல், பிரிதல், விரிதல், உணர்தல், மீட்டல், எஞ்சுதல். ஸ்டார் ட்ரெக்கின் அதே வழித்தொடரில் 1990 பெப்ரவரியில் வந்த ‘யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்’ இவற்றைத் தெளிவாகக் காட்டும்.

நிலைநாட்டலில் வழக்கமான கலம், வழக்கமான உரையாடல். பிரிதலில் 22 ஆண்டுகளுக்கு முற்பட்ட கலமொன்று காலப்பிளவு வழியே வந்து சேர்கிறது. அந்தக் கணமே ஒளி மங்கி, ஆய்வுக்கலம் போர்க்கலமாகிவிடுகிறது. கிளிங்கன் என்ற வேற்றினத்தாரின் குடியிருப்பைக் காக்க அக்கலம் போரிட்டு அழிந்திருக்க வேண்டும். அழியாமல் இங்கே வந்துவிட்டதால் இரு இனத்துக்குமிடையே நீண்ட போர் மூண்டிருக்கிறது. விரிதலில் அப்போரின் அளவு தெரிகிறது: 4000 கோடி உயிர்கள் போயிருக்கின்றன. உணர்தல் கைனன் என்ற சாட்சிமாந்தருக்கு நிகழ்கிறது. அவளிடம் ஆதாரம் எதுவுமில்லை. கலத்தில் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும் என்ற உள்ளுணர்வு மட்டுமே உண்டு. மீட்டலில் பழைய கலம் தன் சாவுக்குத் தானே திரும்பிச் செல்கிறது, அதுவே மீட்சிவிலை. எஞ்சுதல் என்பது, மூன்றாம் பிரிவில் எச்சம் என்று குறித்ததை மாற்றுமெய் விட்டுச்செல்லும் படி.

இப்படிகளுள் விரிதலே மிக வளமானது. பிரிவுக்கணத்துக்கும் இறுதி விளைவுக்கும் இடையில் எத்தனை கண்ணிகள் காட்டப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அத்தியாயத்தின் காரணத் தெளிவு அமையும். ‘டேர்ன் லெஃப்ட்’ இதில் முதன்மை பெறுகிறது. இலண்டன் அழிந்தபின் டொனாவின் குடும்பம் லீட்ஸ் நகரத்துக்கு இடம்பெயர்ந்து, ஒரே வீட்டில் வேறு குடும்பங்களோடு நெருக்கியடித்து வாழ்கிறது. அவ்வீட்டின் கலகலப்பான இத்தாலியர் ஒருநாள் குடும்பத்தோடு படையினரின் லொறியில் ஏற்றப்படுகிறார். நாடு நாட்டவருக்கே என்று புதிய சட்டம் வந்திருக்கிறது. வெளியார் தொழில்முகாம்களுக்குப் போக வேண்டும். டொனாவின் தாத்தா வில்பிரட்டுக்கு அந்த முகாம்களின் பொருள் உடனே விளங்கிவிடுகிறது; கண்ணீரோடு நிற்கிறார். டொனாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. பேரழிவு ஒன்று அயலவரை அந்நியராக்கும் நடைமுறை, சட்டம், லொறி, கையசைப்பு என்று படிப்படியாகக் கண்முன் நடக்கிறது. வேற்றுக்கோள் உயிர்களைவிட இக்காட்சியே பார்வையாளரை அச்சுறுத்துகிறது.

6. கொம்பனித்தெருச் சோதனை

6.1 இடமும் எச்சமும்

கோயிலும் பள்ளிவாசலும் நடைதூரத்தில் அமைய, தமிழரும் மலாயரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கைகளில் வாழ்ந்த பகுதி கொம்பனித்தெரு. நவா, ரியோ என இரு படமாளிகைகள் அங்கு அருகருகே இருந்தன. ரியோ எழுந்த காலத்தில் தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வராத பொருள். 1975 – 76இல் இந்தியாவின் செய்மதிக் கல்விப் பரிசோதனையை ஒட்டி அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கொழும்பு இல்லத்தில் நிறுவப்பட்ட வாங்கி அலைவட்டு ஒரு விதிவிலக்கு. சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். அதுவரை வேற்றுலகம் ஒன்றைப் பார்க்க விரும்பிய கொழும்பு வாசிக்குப் படமாளிகை ஒன்றே வழி.

1983 யூலை இறுதி வாரத்தில், தமிழருக்கு எதிரான வன்செயல்களின்போது, ரியோ எரிக்கப்பட்டது. படமாளிகை பின்னர் ஒருவாறு இயங்கினாலும் அதன் மேல்தளங்களில் இருந்த விடுதியின் அறைகள் கரிபிடித்தபடி கிடந்தன. 2015இல் கொலம்போஸ்கோப் கலைவிழா அந்த அறைகளுக்குள்ளேயே நடத்தப்பட்டபோது, புகையேறிய சுவர்களே காட்சிப்பொருளின் பகுதியாயின. நமது கலைச்சொல்லில் ரியோ ஓர் எச்சம். ஆனால் பிக்கார்டின் குழல் மாற்றுமெய்யின் எச்சம். ரியோவோ நிலைமெய்யின், அதாவது உண்மையில் நடந்த வரலாற்றின், எச்சம். ரியோ எரியாத கொழும்பு என்பது உயர்மாற்று.

6.2 பிரிவுக்கணத்தைத் தேடுதல்

அத்தகைய உயர்மாற்றுக்கு எங்கே பிரிவுக்கணம் வைப்பது? இரு சோதனைகளை முன்மொழிகிறோம். அதிகாரச் சோதனை: அக்கணத்தில் வேறுவிதமாகச் செய்ய இயன்ற ஒருவர் இருந்தாரா? பதிலிச் சோதனை: அந்நிகழ்ச்சி இல்லாதிருந்தால் அதே விளைவை வேறொரு நிகழ்ச்சி கொண்டுவந்திருக்குமா? முதலாவதற்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வருவதே நல்ல பிரிவுக்கணம்.

வழக்கமாகச் சொல்லப்படும் கணங்கள் மூன்று. முதலாவது, யூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்ட தாக்குதல். இரண்டாவது, அவர்களின் உடல்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பாமல் 24ஆம் திகதி பொரளை கனத்தை மயானத்தில் ஒன்றாக அடக்கம் செய்ய எடுத்த முடிவு. மூன்றாவது, ஊரடங்குச் சட்டம் 25ஆம் திகதி பிற்பகலிலேயே நடைமுறைக்கு வந்தமை. பின்னிரண்டும் அதிகாரச் சோதனையில் தேறுகின்றன. முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள், வேறு முடிவும் எடுத்திருக்கலாம்.

பதிலிச் சோதனையில் மூன்றுமே தடுமாறுகின்றன. கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தெரிந்தெடுத்தன என்பது பலரின் சாட்சியங்களில் பதிவானது. இடாப்பு ஒரு மாலைப்பொழுதின் கோபத்தால் கைக்கு வருவதன்று. இறுதிச்சடங்கை இடம்மாற்றியிருந்தால் அன்றைய இரவு மாறியிருக்கலாம். இடாப்பு இருந்த இடத்தில் இருந்திருக்கும். 1958, 1977 வன்செயல்களும் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டமையும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன.

நாம் முன்வைக்கும் நான்காவது கணம் அமைதியானது. 1977 ஓகஸ்ட் வன்செயல்களை ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 1980இல் அறிக்கையும் வந்தது. ஆனால் 1982இல் பாராளுமன்றம் நட்டஈட்டுப் பொறுப்புவிலக்குச் சட்டமொன்றை நிறைவேற்றி, 1977 ஓகஸ்ட் மாதத்தில் ஒழுங்கைக் காக்கவென நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ளப்படும் செயல்களுக்காக அமைச்சர்களையும் அரச அலுவலர்களையும் வழக்கிலிருந்து விலக்கியது. இது அதிகாரச் சோதனையில் ஐயமறத் தேறும்; கையுயர்த்தி வாக்களித்தோர் இருந்தனர். பதிலிச் சோதனையிலும் மற்ற மூன்றைவிட உறுதியாக நிற்கும். ஏனெனில் கும்பலின் துணிவுக்கும் காவலரின் அசையாமைக்கும் வேண்டிய பொது நிபந்தனை, கேட்பார் இல்லை என்ற நம்பிக்கை. அதை எடுத்துவிட்டால் எந்த நிகழ்ச்சி பதிலியாக வந்தாலும் அது எரியும் வேகம் குறையும். 1977க்கு வழக்கு நடந்த இலங்கையில் ரியோ நிச்சயம் தப்பியிருக்கும் என்று நாம் வாதிடவில்லை; ஆராயத் தகுந்த கிளை அதுவே என்கிறோம்.

6.3 உள்ளூர்ப் புனைவொன்று

இலங்கை எழுத்தாளர் யுதாஞ்ஜய விஜேரத்ன 2018இல் வெளியிட்ட ‘த இன்ஹியூமன் ரேஸ்’ நாவல், பிரித்தானியப் பேரரசு வீழாத 2033ஆம் ஆண்டின் கொழும்பைக் காட்டுகிறது. அதுவும் தாழ்மாற்றே. பிரிவு உலக அளவில் வைக்கப்படுவதால் உள்ளூர் முடிவுகளின் காரணப்பங்கை அளக்க அது கருவியாகாது. அதன் நோக்கமும் அதுவன்று. உயர்மாற்றுக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

6.4 மீட்டலின் இடர்ப்பாடு

உயர்மாற்றில் ஐந்தாம் படிநிலை முறிகிறது. ரியோவில் மாலைக் காட்சி நடக்கும் கொழும்பில் ஒரு சாட்சிமாந்தர் ‘இது மெய்யன்று’ என்று உணர்ந்தால் அவர் செய்ய வேண்டியது என்ன? வழக்கமான இலக்கணப்படி நிலைமெய்யை மீட்க வேண்டும். அதாவது கட்டடத்தைத் தீயிடம் ஒப்படைக்க வேண்டும். நிலைமெய்யை மீட்க நேரவிடப்பட்ட ஈடித் கீலரின் சாவைப் பார்வையாளர் ஏற்றது, தட்டின் மறுபக்கம் கோடி உயிர்கள் இருந்ததால். இங்கே தட்டின் மறுபக்கம் எதுவுமில்லை. 1983இன் இறந்தோரை மீட்சிவிலையாகக் கேட்க எந்த அத்தியாயத்துக்கும் உரிமையில்லை.

இதற்குத் தீர்வை இணை வகையிலிருந்து கடன்வாங்கலாம். ‘மிரர், மிரர்’ முடிவில் கேர்க் அந்தப் பேரரசை அழிப்பதுமில்லை, திருத்துவதுமில்லை. தாடிக்கார ஸ்பொக்கிடம் ஒரு வாதத்தை விட்டுவிட்டு வருகிறார்: அழியப்போகும் ஆட்சிக்கு ஏன் உழைக்கிறாய், மாற்றும் வல்லமை உன்னிடமே இருக்கிறதே என்று. ஸ்பொக் எண்ணிப் பார்ப்பதாகச் சொல்கிறான். இரு உலகங்களும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்வது வாதம் மட்டுமே. கொம்பனித்தெரு அத்தியாயத்தில் இத்திசை தலைகீழாகும். நல்ல உலகமான மாற்றுமெய்யிலிருந்து வருபவர் கெட்ட உலகமான நிலைமெய்யில் வாதத்தை விட்டுச்செல்வார். அதைக் கேட்கும் ஸ்பொக்கின் இடத்தில் பார்வையாளர் இருப்பார்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் நான்கு முடிபுகள் பெறப்படுகின்றன. மாற்றுமெய் அத்தியாயத்தின் பெருவழக்கு தாழ்மாற்று; அதற்குத் தயாரிப்பு, தொடரமைப்பு, அறம் என்ற மூவகைக் காரணங்கள் உண்டு. அவ்வழக்கு, நிலைமெய்யே நல்லது என்று எண்ண வாய்ப்புள்ள சமூகங்களுக்கே முழுதும் பொருந்தும். சிறு பிரிவுக்கணம் கவர்ச்சியுடையது, ஆயினும் பதிலிச் சோதனைக்கு உட்படாதபோது அது ஆழக் காரணங்களை மறைத்து, பழியை ஓர் இரவின்மேல் சுமத்திவிடும். பேரிழப்பையே நிலைமெய்யாகக் கொண்ட சமூகத்துக்கான அத்தியாயம், பிரிதலைப் பிரிவு வகையிலிருந்தும் முடிவை இணை வகையிலிருந்தும் பெற வேண்டும்.

இதனை எழுத முற்படுவோர் தீவைப்பைக் காட்ட வேண்டியதில்லை. 1982இன் சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டு, 1977க்கான வழக்குகள் ஒவ்வொன்றாக விசாரணைக்கு வரும் ஒரு கொழும்பைப் பொறுமையோடு விரித்துக் காட்டினால் போதும். தண்டனை பெற்ற ஒரு பொலிஸ் அதிகாரி, இடாப்பைக் கொடுக்க மறுக்கும் ஓர் எழுதுவினைஞர், அடுத்த வன்செயலில் கதவடைத்து வீட்டிலேயே இருந்துவிடும் ஓர் இளைஞன் என்று கண்ணிகள் ஒவ்வொன்றாக வர வேண்டும். பொறுப்புக்கூறல் என்ற சொல் நம்மிடையே இன்று அறிக்கைகளில் மட்டும் புழங்குகிறது. அது நடைமுறையில் இருக்கும் ஊர் எப்படி இயங்கும் என்று காட்சிப்படுத்திப் பார்க்கும் வழி, இந்த அத்தியாய வகையிடம் உண்டு.